பாலாம்பிகை ஓட மறுத்த யானைப் போர்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் பதினேழு வருடமாகப் பேருந்து ஓட்டும் பாலாம்பிகை கெல்ட்டியப் படையில் சேர்ந்ததற்கு ஒரு கேடயம்தான் காரணம். டீட்டர் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பழங்காலப் போர்களை நடித்துக் காட்டும் சங்கம் ஒன்றுக்குப் போக, சனிக்கிழமைதோறும் நெஞ்சளவு உயரக் கேடயத்தோடு அவளுடைய பேருந்தில் ஏறுவார். அதைக் குழந்தை வண்டிகள் நிற்கும் இடத்தில் சாத்தி வைக்கச் சொல்லப்போய்ப் பேச்சுத் தொடங்கியது. இரண்டாயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன் கெல்ட்டியர் கிரேக்க நாட்டுக்குள் புகுந்ததையும், அவர்களில் ஒரு பகுதியினர் கடல் கடந்து இன்றைய துருக்கிக்குப் போய்க் கலாத்தியர் என்று பேரெடுத்ததையும், கூப்பிட்ட அரசர்களுக்கெல்லாம் சண்டை பிடித்ததையும் அவர் சொல்லச் சொல்ல அவளுக்கு அந்தச் சனத்தைப் பிடித்துப் போயிற்று. பெண்டு பிள்ளைகளோடும் வண்டிகளோடும் புறப்பட்டவர்கள் என்று கேட்ட அன்றே, தானும் சங்கத்தில் சேரலாமா என்று கேட்டுவிட்டாள்.

கணவர் செல்வராசா முதலில் சிரித்தார். வீட்டு ஹோலில் ஈட்டி வந்து நின்ற பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அந்த வருடக் கோடை விழாவில் யானைப் போரை நடித்துக் காட்டுவதென்று முடிவாயிற்று. அந்தியோக்கஸ் மன்னன் பதினாறு யானைகளை ஏவிவிட, கலாத்தியரின் குதிரைகள் மிரண்டு சொந்தப் படையையே மிதித்துக்கொண்டு ஓடிய போர் அது. சங்கத்திடம் இருந்தது ஒரே யானை. மரச்சட்டத்தில் சாம்பல் துணி போர்த்தி, நாலு சில்லுப் பூட்டியது. பாகனாகப் பாலாம்பிகைதான் பொருத்தம் என்றார் டீட்டர். தான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், யானையைக் கிட்ட நின்று பார்த்ததே இந்த ஊர் மிருகக்காட்சிச்சாலையில்தான் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். முன்னொரு காலத்தில் சர்க்கஸ் யானையொன்று தொங்கு ரயிலிலிருந்து ஆற்றில் குதித்தது உங்கள் ஊரில்தானே என்றும் கேட்டாள். டீட்டர் வேறு பாகனைத் தேடப் போனார்.

விழா அன்று காலை, வேறு ஏற்பாடாயிருந்த பாகனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வேடிக்கை பார்க்க வந்த செல்வராசாவை நாலு பேர் சேர்ந்து யானைமேல் ஏற்றிவிட்டார்கள்.

கொம்புகள் முழங்கின. பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ள, யானை அசைந்து வந்தது. கலாத்தியர் அலறிக்கொண்டு ஓட, பாலாம்பிகை மட்டும் கேடயத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"நீர் ஓடவேணுமாம்," என்றார் செல்வராசா மேலேயிருந்து.

"உங்களைக் கண்டு பயந்து ஓட என்னாலை ஏலாது. யானையைத் திருப்புங்கோ."

"இதுக்கு ஸ்டியரிங் இல்லையப்பா."

அப்போதுதான் அவள் முன்சில்லைப் பார்த்தாள். ஈரப் புல்லில் புதைந்து, யானை ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது. கேடயத்தை எறிந்துவிட்டு ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தாள். அதைக் கண்ட கலாத்தியர் திரும்பி வந்தார்கள். எதிரிப் படையும் ஈட்டிகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தது. எல்லாருமாக யானையைத் தாங்கிப் பிடித்து, செல்வராசாவைப் பத்திரமாக இறக்கினார்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. வரலாற்றின்படி, மிருகங்களால் வென்றோமே என்று வெட்கி அழவேண்டிய மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

டீட்டர் இரண்டு நாள் எல்லாரிடமும் புலம்பித் திரிந்தார். வரலாறு நாறிப்போயிற்றாம்.

அடுத்த வாரம் செல்வராசாவும் சங்கத்தில் சேர விண்ணப்பம் நிரப்பினார். எந்தப் படை என்ற இடத்தில் மன்னனின் படை என்று எழுதினார். பாலாம்பிகை ஏனென்று கேட்டாள்.

"வீட்டிலை ஒராளாவது வென்ற பக்கம் நிக்கவேணும்," என்றார்.