மனாகுவா அரங்கின் எறிமேடு

மனாகுவாவின் பெரிய பேஸ்பால் அரங்கம் எழும்பிய வருடம் அபெலினோ உர்தேச்சோவுக்குப் பதினேழு வயது. மண் சுமக்கும் கூலியாக உள்ளே போனவன், அங்கேயே தங்கிவிட்டான்.

பந்தெறிபவர் ஏறி நிற்கும் எறிமேடு அவன் பொறுப்பு. களிமண்ணை மூன்று முறை சலித்து, நீர் தெளித்து, விரற்கடை விரற்கடையாக இடித்து ஏற்றுவான். மட்டைக்காரரின் காலடியில் பதித்திருக்கும் வெள்ளைத் தட்டைவிட மேடு பத்து அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். கூடினால் மட்டை பிடிப்பவருக்கு அநியாயம், குறைந்தால் எறிபவருக்கு. இத்தனை வருடத்தில் அவன் மேட்டை யாரும் சந்தேகப்பட்டு அளந்ததில்லை.

1972 டிசம்பரில் பூமி குலுங்கி நகரம் தரைமட்டமானது. அரங்கம் மட்டும் விரிசல்களோடு நின்றது. வீடிழந்தவர்கள் புல்தரையில் கூடாரம் போட்டார்கள். மாவு மூட்டை லாரிகள் வெள்ளைத் தட்டு வரை வந்து நின்றன. இடிபாட்டில் கணவரைப் பறிகொடுத்த அக்கா எவுசேபியாவோடு அபெலினோவும் இடது சுவரோரம் ஒரு தார்ப்பாயின் கீழ் எட்டு மாதம் இருந்தான்.

கூடாரங்கள் போனபின், சிதைந்த மேட்டை அவன் ஒற்றை ஆளாகத் திரும்பக் கட்டினான்.

முதல் ஆட்டம் லெயோன் நகரத்தோடு. அன்று மனாகுவாவுக்காக எறிந்தவன் லாசரோ பெந்தான்யா. நிலநடுக்கத்தில் தாயைப் புதைத்தவன். ஏழு சுற்று முடிந்தும் லெயோன்காரர்களால் அவனுடைய ஒரு பந்தைக்கூட உருப்படியாக அடிக்க முடியவில்லை. மாதக்கணக்கில் அழுதிருந்த கூட்டம் பெஞ்சுகள்மேல் ஏறிக் குதித்தது.

எட்டாம் சுற்றில் லெயோன் அணியின் தலைவர் நடுவரிடம் போனார்.

"மேடு உசரமா இருக்குங்க. பந்து மாடியிலேர்ந்து எறங்குற மாதிரி வருது."

கேட்டதும் கூட்டம் விடவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"ஏணி வேணுமாய்யா லெயோன்காரரே?"

நடுவர் அபெலினோவைக் கூப்பிட்டார். "நீயே அளந்து சொல்லுப்பா. உன் பேச்சுதான் கணக்கு."

அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. மேட்டிலிருந்து வெள்ளைத் தட்டை நோக்கி நடந்தான். பாதி வழியில் குதிகால் கீழே இறங்குவதுபோல் இருந்தது. இன்னும் பத்தடி வைத்தான். மறுபடியும் இறங்கியது. குனிந்து தரையோடு கண்ணை வைத்துப் பார்த்தான்.

வழக்கம்போல மேட்டைச் சுற்றியுள்ள புல்லிலிருந்துதான் பத்து அங்குலம் அளந்து கட்டியிருந்தான். முன்பெல்லாம் புல்லும் தட்டும் ஒரே மட்டம். பூமி குலுங்கியதிலும் லாரிகள் நின்றதிலும் தட்டுப் பக்கம் தாழ்ந்துபோனதை அவன் பார்க்கவே இல்லை.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயையும் அளவுகோலையும் எடுக்கக் கம்பிவேலி ஓரம் போனபோது, எவுசேபியா அங்கே விகோரோன் விற்றுக்கொண்டிருந்தாள். வாழையிலையில் மரவள்ளியும் பன்றித்தோல் பொரியலும். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள்.

"என்னடா?"

"தப்பா கட்டிட்டேன்க்கா."

அவள் சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பத்துன்னு சொல்லிட்டு வா. இந்த ஊரு இன்னைக்குத்தான்டா சிரிக்குது."

"தெரியும்க்கா."

"லாசரோ அவங்கம்மாவுக்காக எறியறான்."

"அதுவும் தெரியும்."

குழாயின் ஒரு முனையைத் தட்டின்மேல் நடுவர் பிடித்தார். மறுமுனையை அவன் மேட்டில் பிடித்தான். தண்ணீர் ஆடி, இரு முனையிலும் ஒரே மட்டத்தில் நின்றது. அளவுகோலை ஒருமுறை பார்த்தான். இன்னொரு முறையும் பார்த்தான்.

"பதிமூணு," என்றான். நடுவர் திரும்பக் கேட்டதும் உரக்கச் சொன்னான். "பதிமூணு அங்குலம். மூணு அதிகம். தப்பு என்னுது, லாசரோவுது இல்ல."

ஆட்டம் செல்லாது, மேட்டைச் சரிசெய்தபின் மறுபடி ஆடுங்கள் என்று நடுவர்கள் முடிவு சொன்னார்கள். ஜனங்கள் படிக்கட்டுகளில் மெதுவாக இறங்கிப் போனார்கள். சாவு வீட்டிலிருந்து போவதுபோல. லாசரோ கையுறையைக் கழற்றி அபெலினோவின் காலடியில் போட்டுவிட்டு நடந்தான்.

மறுநாள் அபெலினோ மேட்டை வெள்ளைத் தட்டிலிருந்து அளந்து செதுக்கித் தாழ்த்தினான். அடுத்த வாரம் அதே மேட்டிலிருந்து லாசரோ எறிந்தான், மூன்றுக்கு ஒன்று என்று மனாகுவா தோற்றது. அதற்குப் பிறகு அவன் அபெலினோவோடு பேசியதே இல்லை. எதிரே வந்தால் வேறு வாசலால் போய்விடுவான். அபெலினோவும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

தோற்ற அன்று எவுசேபியாவின் கூடையில் பாதிக்குமேல் மிஞ்சியது. பொட்டலத்தை வாங்கக் கை நீட்டிய ஒருவன், அவன் காதில் நண்பன் ஏதோ சொன்னதும் கையை இழுத்துக்கொண்டான்.

"அந்தப் பதிமூணு அங்குலக்காரனோட அக்காவா நீ?"

முந்தின வாரம் பொய் சொல்லச் சொன்னவள் அவள்தான். கூடையைத் தலையில் ஏற்றி, முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"ஆமா. என் தம்பிதான்," என்றாள். "அளந்தது அவன்."