ரேடியோ வாய் மூடிய நாட்கள்

சலூனில் முடி வெட்டும் அவளுக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். புருஷன் வைத்தது. காலையில் கண்விழித்துத் தொடங்கினால் படுக்கப் போகிற வரை வாய் ஓயாது. ஆனால் தமிழில் பேசினால்தான் அவள் ரேடியோ. பிழைக்க வந்த அந்த ஊர்ப் பாஷையில் தொழிலுக்கு வேண்டியது மட்டும் வரும்: தலையைக் குனியுங்கள், தண்ணீர் சூடு போதுமா, அசையாதீர்கள், இந்த அளவு சரியா. மற்றதெல்லாம் காதில் ஏறும், நாக்குக்கு இறங்காது.

மகள் முதல் வகுப்பில் சேர்ந்தாள். வாயாடுவதில் அம்மாவுக்குச் சளைத்தவள் இல்லை. பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் மட்டும் வாய்க்குப் பூட்டு. எல்லாம் புரிகிறது, பேசத்தான் மாட்டேன் என்கிறாள், வீட்டிலும் எங்கள் பாஷையிலேயே பேசிப் பாருங்களேன் என்றார் டீச்சர். நல்ல மனுஷி, நல்லதுக்குத்தான் சொன்னார். ரேடியோவுக்கோ, இப்படியே போனால் பிள்ளை ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்தே வளர்ந்துவிடுமே என்ற பயம்.

"இனிமே நம்ம வீட்ல தமிழ் கிடையாது. நீங்களும்தான்," என்று புருஷனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அப்ப நீ என்னத்தப் பேசுவே?" என்றான் அவன். பஸ் ஓட்டுகிறவன், நாளெல்லாம் பேசாமல் இருந்து பழகியவன். அவனுக்கே கவலை வந்துவிட்டது.

கேட்டது சரியான கேள்வி. அன்றிலிருந்து வீடு சலூன் ஆகிவிட்டது. பெற்ற மகளிடம் "உட்காருங்கள், அசையாதீர்கள், இது போதுமா" என்று அந்தப் பாஷையில் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு வார்த்தை இருந்தால்தானே? ஒரு விடுமுறை நாளில் மகளுக்குத் தலை குளிப்பாட்டினாள். முன்பெல்லாம் நுரையில் கொம்பு வைத்து, மீசை வைத்து, குளியலறையே இரண்டுபடும். இப்போது தண்ணீர் சூடு போதுமா என்று கேட்டாள், மகள் போதும் என்றாள். முடிந்ததும் அந்தப் பாஷையிலேயே "மிக்க நன்றி" என்று சொல்லிவிட்டு, கடைக்கு வந்த கஸ்டமர் மாதிரி நடந்து போனாள். ரேடியோ துண்டும் கையுமாக அங்கேயே நின்று அழுதாள்.

சட்டம் போட்டவளுக்கே மூச்சு முட்டியதால் சமையலறையில் ஒரு திருட்டு ஏற்பாடு நடந்தது. புகை இழுக்கும் மின்விசிறியைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் புருஷனும் பெண்டாட்டியும் தமிழில் பேசிக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில்கூட அப்படி ஒளிந்து பேசியதில்லை. ஒருநாள் அவள் கடையில் நடந்ததைச் சொன்னாள். தலை கழுவும்போது ஒரு பெரிய மனிதர் சுகமாகத் தூங்கிப்போனார். குறட்டை வேறு. எழுப்பினால் வீடு என்று நினைத்துக்கொண்டு, போர்வையை ஏன் நனைத்தாய் என்று இவளைத் திட்டினாராம். அந்தக் குறட்டையை அவள் விட்டுக் காட்டியதில் புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கதவருகில் மகள் நின்றிருந்தாள். எத்தனை நாளாக நின்றாளோ.

"நீங்க ரெண்டு பேர் மட்டும் சிரிக்கிறீங்க," என்றாள் தமிழில். "எனக்கு ஏம்மா சொல்லமாட்டேங்கறே?"

ரேடியோ மின்விசிறியை அணைத்தாள். டீச்சராவது ஒன்றாவது. மகளை அள்ளி மேடைமேல் உட்கார வைத்து, குறட்டையிலிருந்து மறுபடி தொடங்கினாள். அன்றைக்குச் சோறு குழைந்துபோனது, யாரும் கண்டுகொள்ளவில்லை. மறுநாள் வேறு கதை, அதற்கு மறுநாள் இன்னொன்று. சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மடை திறந்ததுபோல் வந்தது.

சில வாரம் கழித்து டீச்சர் மறுபடி கூப்பிட்டார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டே போனாள். டீச்சரோ சிரித்துக்கொண்டே, குறட்டை விட்ட பெரியவர் கதையை உங்கள் மகள் வகுப்பில் சொன்னாள், எங்கள் பாஷையில் தட்டுத் தடுமாறித்தான் சொன்னாள், ஆனால் பிள்ளைகள் மறுபடி மறுபடி சொல்லச் சொல்லி விடவே இல்லை என்றார். வீட்டில் எங்கள் பாஷை நன்றாக நடக்கிறது போலிருக்கிறதே என்றும் கேட்டார்.

ரேடியோ தனக்குத் தெரிந்த வார்த்தைகளைத் தேடிப் பொறுக்கிச் சொன்னாள்: "இல்லை. வீட்டில் தமிழ். கதை அங்கே. அவள் இங்கே கொண்டுவருகிறாள்."

 "நான் சொன்னதை மறந்துவிடுங்கள்," என்றார் டீச்சர். "நிறையக் கொடுத்து அனுப்புங்கள்."

திரும்பும்போது புருஷன் ஓட்டும் பஸ்ஸாகவே கிடைத்தது. அவனுக்குப் பின்சீட்டில் மகளோடு உட்கார்ந்தாள்.

"அம்மா, நாளைக்கு எதைச் சொல்றது? எல்லாம் தீந்துபோச்சு."

"தீருமா? உங்கம்மா யாரு?" என்று அவள் தொடங்கினாள், சலூன் கண்ணாடியில் தன்னைப் பார்த்து மிரண்டு குரைத்த நாயின் கதையை. நாய் கண்ணாடியின் பின்பக்கம் தேடிப் போகும் கட்டத்தில் நிமிர்ந்து பார்த்தால், இறங்க வேண்டிய இடம் போயே போய்விட்டது.

"ஏங்க, நம்ம ஸ்டாப்பு உங்களுக்குத் தெரியாதா?"

"நீ மணி அடிக்கலையே," என்றான் அவன் திரும்பாமலே. "நாய் என்ன ஆச்சு? அதைச் சொல்லு முதல்ல."