வெறுங்கல்லில் தங்கம்

எங்கள் ஷெட்டுக்குள் யார் வந்தாலும் வாசலில் நகையைக் கழற்றி எவர்சில்வர் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். மோதிரம், வளையல், கொலுசு எதுவும் உள்ளே வரக்கூடாது. முதல் தடவை வந்த கூரியர் பையன் கையெழுத்து வாங்க உள்ளே வந்தபோது டப்பாவை நீட்டினேன். "இன்னாக்கா, உள்ள கோயிலா, சேட்டுக் கடையா?" என்றான்.

இரண்டும் இல்லை. திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பக்கம் கேட் வெல்டிங், மறுபக்கம் லேத் பட்டறை, நடுவில் நாங்கள். வேறு மாநிலத்தில் ஒரு மலையில் தங்கமும் வெள்ளியும் தேடி ரிக் வைத்துத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். துளையிலிருந்து வரும் உருளைக் கல்லுக்குப் பெயர் கோர். அது பெட்டி பெட்டியாக லாரியில் எங்களிடம் வரும். நாங்கள் அதை நீளவாக்கில் பாதியாக அறுத்து, பையில் கட்டி, லேபுக்கு அனுப்புவோம். லேப் சொல்லும் நம்பர்களை வைத்து எங்கள் மேலதிகாரி சார் கம்ப்யூட்டரில் அந்த மலையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கட்டி, உள்ளே எவ்வளவு தங்கம், எவ்வளவு வெள்ளி என்று கணக்குப் போடுவார். அங்கே ஒரு பொய் நம்பர் நுழைந்தால் பக்கத்துக் கட்டங்களுக்கும் தொற்றிக்கொள்ளும். டப்பா அதற்காகத்தான்.

நான் ஜியாலஜி படித்தது மலை ஏற. கிடைத்தது பொத்தேரி ரூமிலிருந்து ரெண்டு பஸ் மாறிப் போய்ப் பெட்டிக்கு நம்பர் ஒட்டும் வேலை. காலேஜ் குரூப்பில் ஒருத்தி பனிமலை போட்டோ போடுவாள், ஒருத்தன் ஹெலிகாப்டர் போட்டோ போடுவான். நான் வெல்டிங் பொறியைப் போட்டு 'சூரியாஸ்தமனம்' என்று எழுதுவேன். ரிக் ஓடுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று சாரை நச்சரித்து நச்சரித்து, கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

"இந்த பேட்ச் ரிசல்ட் ஒழுங்கா வரட்டும்மா. அடுத்த லாரியில நீ சைட்டுக்குப் போ. வரலைன்னா, ஷெட்டைத் திருத்தாம யாரும் எங்கயும் போறதில்ல."

நான் அன்றைக்கே ஷூ வாங்கிவிட்டேன்.

ரிசல்ட் வந்தது. சார் முகம் சுண்டிப்போயிருந்தது. "பிளாங்க்ல தங்கம் வந்திருக்கு."

பிளாங்க் என்பது தங்கமே இல்லாத வெறுங்கல். லேப் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க நல்ல கல் பைகளுக்கு நடுவே அதையும் சொருகி அனுப்புவோம். எங்கள் பிளாங்க், ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது வந்த கருங்கல். பின்பக்கம் குவியலாகக் கிடந்தது. முதலிலேயே சோதித்திருந்தோம், சுத்த ஜீரோ. இப்போது அதில் தங்கம் என்றால், அந்த பேட்ச்சில் வேறு எதை நம்புவது?

"சைட்டு இப்போதைக்கு இல்லம்மா," என்றார் சார்.

அதற்குள் ஜன்னலில் ஷெட் ஓனர் தலை தெரிந்தது. அந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் அவர் வீட்டு நெல்வயல். இப்போது வாடகைக்கு விட்டுவிட்டு, பொழுது போகாமல் எங்களையே சுற்றிச் சுற்றி வருவார். ஜன்னலுக்கு வெளியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"இன்னா சார் சொல்றீங்கோ? நம்ம கல்லுல தங்கம் கீதா?"

"இல்லண்ணா, அது தப்பா வந்த நம்பர்," என்றேன்.

"மிஷினு சொல்லுது, நீ இல்லேன்ற. இரு, தங்கம் வந்தா மல ஏறி வர்றேன்னு திருநீர்மலை பெருமாளுக்கு ஒரு வேண்டுதல் போட்டு வெச்சிர்றேன்."

"அண்ணா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?" என்றார். டீ டைமுக்குள் வெல்டிங் கடை, லேத் பட்டறை, டீ மாஸ்டர் எல்லாரும் பின்பக்கம் வந்து குவியலைச் சுற்றி நின்றார்கள். லேத் பட்டறை அண்ணன் ஒரு கல்லை எடுத்து மோந்து பார்த்தார்.

நான் ரிசல்ட்டோடு உட்கார்ந்தேன். லேபில் எங்கள் நல்ல கல்லின் தூள் மிஷினில் ஒட்டியிருந்து, அடுத்து வந்த பிளாங்க்கில் கலந்துவிட்டதா? அப்படி நடப்பது உண்டு. ஆனால் எங்கள் மலையில் தங்கம் ஒருபோதும் தனியாக வராது. அதைவிடப் பல மடங்கு வெள்ளி கூடவே வரும், கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டால் தெருவே வருகிற மாதிரி. பிளாங்க்கில் தங்கம் இருந்தது, வெள்ளி இல்லை. அப்படியென்றால் இது மலைத் தங்கம் இல்லை. கடைத் தங்கம்.

டப்பாவைத் தாண்டி எந்த நகை உள்ளே வந்திருக்கும்? ஒவ்வொருத்தர் கையாகப் பார்த்தேன். எல்லாம் மொட்டைக் கை. கடுப்பில் பின்பக்கம் காற்று வாங்கப் போனேன். அங்கே ஓனர், பார்க்க வந்தவர்களை அனுப்பிவிட்டு, அடுத்த பேட்ச்சுக்குப் பிளாங்க் உடைத்துக்கொண்டிருந்தார். தூசி பறக்கும் என்று அந்த வேலையை மட்டும் வெளியே வைத்திருந்தோம். கொஞ்ச நாளாக அவரேதான் வலிய வந்து உடைத்துப் பையில் போடுகிறார். வெறுங்கல்தானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

இடது கை கல்லை அமுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கையில் கனமாக ஒரு மோதிரம். சுத்தியல் விழும்போதெல்லாம் மோதிரம் கல்லில் தேய்ந்தது. குனிந்து பார்த்தேன். கருங்கல்லின் மேல் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. நகைக்கடையில் உரசிப் பார்ப்பார்களே, அதே கோடு.

உள்ளே விலை உயர்ந்த கல்லுக்கு அவ்வளவு காவல். வெளியே ஒன்றுக்கும் உதவாத கல்லுக்குக் காவலே இல்லை.

"அண்ணா, அந்த மோதிரத்தைக் கழட்டுங்க."

"ஏம்மா? பொண்ணு மொத சம்பளத்துல வாங்கினு வந்துச்சு. போட்ட அன்னிக்கு ஏறினதுதான், எறங்க மாட்டேங்குது."

"அதுதான்ணா உங்க தங்கச் சுரங்கம்."

கோட்டைக் காட்டினேன். அவர் கல்லைப் பார்த்தார், மோதிரத்தைப் பார்த்தார், மறுபடியும் கல்லைப் பார்த்தார். "அடப்பாவமே, எங்க வூட்டுத் தங்கத்தயா லேபுக்கு அனுப்பிகினு இருந்தே?"

சாருக்கு வாய் வார்த்தை போதாது. மோதிரக் கையால் உடைத்த பை ஒன்று, வெறுங்கையால் உடைத்த பை ஒன்று, இரண்டும் லேபுக்குப் போக வேண்டும் என்றார். முதல் பை சுலபம். இரண்டாவதுக்கு மோதிரம் கழல வேண்டுமே. சோப்பு போட்டோம். தேங்காய் எண்ணெய் போட்டோம். டீ மாஸ்டர் வெண்ணெய் கொண்டுவந்தார். சார் ஒரு பக்கம் ஓனரின் தோளைப் பிடித்துக்கொள்ள, நான் மறுபக்கம் இழுத்தேன்.

"மெதுவாம்மா, வெரலு எனக்கு வேணும்."

"எனக்கு ரிக் வேணும்ணா."

கடைசியில் லேத் பட்டறை அண்ணன் விரலில் நூலைச் சுற்றி, மோதிரத்தைச் சுழற்றிச் சுழற்றி இறக்கினார். ஓனர் அதைத் தானே டப்பாவில் போட்டுவிட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

லேபிலிருந்து மெயில் வந்த அன்று நான் ஸ்கிரீனை விட்டு நகரவில்லை. மோதிரப் பையில் தங்கம். வெறுங்கைப் பையில் ஜீரோ. ஒரு ஜீரோவைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. என் மார்க்‌ஷீட் வேறு கதை. சார் பேட்ச்சை ஏற்றுக்கொண்டார். அந்த பிளாங்க் ஏன் கெட்டது என்று ரிப்போர்ட்டில் ஒரு பத்தி எழுதினார். ஓனர் ஜன்னலில் வந்து நின்றார்.

"அதுல நம்ம தங்கம் எவ்ளோனு போட்டியா சார்?"

"போட்டிருக்கேன். ஆனா மலைக் கணக்குல சேர்க்கல."

"பரவால்ல. பேப்பர்ல வந்துச்சே, போதும்."

லாரி கிளம்பிய அன்று நான் புது ஷூவோடு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். இனிமேல் கொஞ்சம் கோரை சைட்டிலேயே அறுத்து, பிளாங்க் கல்லையும் அங்கேயே சொருகலாம் என்று சார் முடிவு செய்திருந்தார். ஓனர் ஒரு மூட்டையைத் தூக்கிவந்து என் காலடியில் வைத்தார். இடது கை விரலில் மோதிரம் இருந்த இடம் வெளுப்பாக, ஒரு வளையம் மாதிரி இருந்தது.

"எல்லாம் வெறுங்கையில ஒடச்சதும்மா. தம்மாத்தூண்டு தங்கம் கூட கெடயாது. கேரண்டி."

"வேண்டுதல் என்னண்ணா ஆச்சு?"

"தங்கம் வந்துச்சுல்ல? எங்கேர்ந்து வரணும்னு நான் சொல்லலியே. சனிக்கெழம மல ஏறிட்டு வந்துர்றேன். நீயும் உன் மலய ஏறு."