நீலகண்டன் அடித்த முதல் ஆணி

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திர மொத்தக் கடையில் கணக்கு எழுதும் நீலகண்டனுக்கு, ஐம்பது வயது தாண்டியும் தன் சுவர் என்று சொல்லி ஒரு ஆணி அடிக்கும் பாக்கியம் வாய்க்கவில்லை. இதெல்லாம் ஒரு குறையா என்று சொந்த வீட்டுக்காரர்கள் கேட்கலாம். வாடகை வீட்டில் காலம் தள்ளியவர்கள் கேட்க மாட்டார்கள். நாகர்கோவிலிலிருந்து கல்யாணமான கையோடு திருவனந்தபுரம் வந்தவர், கரமனை, வலியசாலை, மணக்காடு என்று மாறி மாறிக் குடியிருந்தார். ஒவ்வொரு வீட்டுக்காரரும் சாவியைக் கையில் வைக்கும்போது பேசி வைத்ததுபோல ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். சுவரில் ஆணி மட்டும் அடிக்கக் கூடாது.

அதனால் அவர் வீட்டில் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. முருகன் படம் பீரோவின் மேல் சாய்ந்து நின்றது. கல்யாணப் போட்டோ ஒரு பழைய போர்வைக்குள் சுருண்டு பெட்டிக்கு அடியில் கிடந்தது. கரமனையில் ஒருமுறை, மகள் திவ்யலட்சுமியின் பள்ளிக்கூட மெடலை மாட்டுவதற்காகத் துணிந்து ஒரு ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாவது தட்டுக்குள் வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வாசலில் நின்றார். திட்டவில்லை. சுவரையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆணி என்றால் அனுமதி கேட்காமல் இவர் கை எழாது. பல தடவை கேட்டு, பல்லைக் காட்டி நின்றால், எப்போதாவது “சின்னதா ஒண்ணு மட்டும் அடிச்சுக்கிடுங்க” என்று ஒரு வரம் கிடைக்கும்.

அப்படிப்பட்டவர் திருவல்லத்துக்கு அப்பால் ஒரு சரிவில் எழும்பிய குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கினார். வீட்டு யோகம் இவர் ஜாதகத்தில் இல்லை, மனைவி ஜாதகத்தில்தான் இருக்கிறது என்று ஜோசியர் சொல்லிவிட்டதால் பத்திரம் பொன்னம்மையின் பேரில் பதிவானது. நீலகண்டனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பதிவு முடிந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக ஒரு சுத்தியல் வாங்கினார். அதைத் துவர்த்துத் துண்டில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோகும் பையில் வைத்துக்கொண்டார். கட்டிட வேலை நடந்த மாதமெல்லாம் சுத்தியல் அவரோடு பஸ்ஸில் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்தது.

மனுஷனுக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். தினமும் கடை விட்டதும் நேரே ஃபிளாட்டுக்கு ஓடுவார். சுவரைத் தடவிப் பார்ப்பார். குழாயைத் திறந்து, தண்ணீர் வராது என்று தெரிந்தும் காத்து நிற்பார். பால்கனியில் போய் நின்றால் தென்னை மண்டைகளுக்கு மேலே, தூரத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்துக் கிரேன்கள் வரிசையாகத் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கிரேன்களையும் சேர்த்துத்தான் வாங்கிவிட்டதுபோல ஒரு பூரிப்பு. பாத்திரம் வாங்க வந்த வியாபாரிகளிடம்கூட, எங்க வீட்டிலிருந்து பார்த்தா துறைமுகம் தெரியுமாக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி ஒருநாள், கிரேன் கம்பெனியிலிருந்து உமக்குச் சம்பளம் உண்டுமா ஓய் என்று கேட்டதும்தான் கொஞ்சம் அடங்கினார்.

பொன்னம்மைக்கு ஆணியும் வேண்டாம், கிரேனும் வேண்டாம். அவள் இதுவரை சமைத்த அடுப்படி எல்லாவற்றிலும் அவளுக்கு முன்னால் குடியிருந்த எவளோ ஒருத்தியின் கரி இருந்தது. இந்த ஒரு வீட்டிலாவது முதல் தீ தன்னுடையதாக இருக்க வேண்டும், பால் பொங்கிக் கிழக்கே வழிய வேண்டும், அதை மைனி மாடம்மாள் கண்ணால் பார்க்க வேண்டும். மாடம்மாள், நீலகண்டனின் அக்கா. தக்கலையில் சொந்த வீடு. ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து இறங்கும்போது, இந்த வருசம் எந்த வாடகை வீட்டுக்கடே வரணும் என்று கேட்டுக் கேட்டே தம்பி பெண்டாட்டியை நோகடித்தவள். பொன்னம்மை அதற்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை. பதில் பாலில் இருக்கிறது என்று காத்திருந்தாள்.

ஆவணி பிறந்ததும் நாள் குறித்தார்கள். கிழக்கே பார்த்த வாசல் வழியாகத்தான் முதல் நுழைவு இருக்க வேண்டும் என்று ஜோசியர் கண்டிப்பாகச் சொன்னார். குடியிருப்பின் பெரிய வாசலோ ரோட்டை ஒட்டி மேற்கே இருக்கிறது. கிழக்கே உள்ளது, தண்ணீர் லாரி வந்துபோகும் பின்வாசல். அதற்கென்ன, லாரி போகிற வாசலில் லட்சுமி வரமாட்டாளா என்று நீலகண்டன் சொல்லி, எல்லாரையும் அந்த வழியாகவே அழைத்துப் போனார்.

இங்கேதான் வினை. இந்த ஊரில் சமதரை என்று ஒன்று கிடையாது. எல்லாம் மேடு, அல்லது பள்ளம். ரோட்டுப் பக்கம் நுழைந்தால் தரைத்தளத்தில் இருப்போம். பின்பக்கம் நுழைந்தால் அதற்கு ஒரு மாடி கீழே, கார் நிறுத்துகிற இடத்தில் இருப்போம். நீலகண்டனுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்குப் பொன்னம்மை கையில் விளக்கு, திவ்யா இடுப்பில் நிறைகுடம், தன் நெஞ்சோடு முருகன் படம், பின்னால் சொந்தக்காரர் கூட்டம், பையில் சுத்தியல். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. மூச்சிரைக்கும் அக்காவுக்குத் தைரியம் சொல்லும் விதமாக, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறினார். வாழ்நாளில் ஒரு கணக்கில் ஒரு புள்ளி தவறாத மனுஷன், மூன்றாவது மாடி என்று போய் நின்றது இரண்டாவது மாடியில்.

கதவில் நம்பர் இன்னும் ஒட்டவில்லை. வேலை முடிகிறவரை எல்லாக் கதவுக்கும் ஒரே சாவிதான் என்று கட்டிடக்காரர்கள் போட்டிருந்தார்கள். சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது. அதே ஹால், அதே அடுப்படி, அதே வெள்ளைச் சுவர். பொன்னம்மை வலது காலை எடுத்து வைத்தாள்.

மணல் பரப்பி, செங்கல் அடுக்கி, காய்ந்த சிரட்டையும் தென்னோலைச் சூட்டும் போட்டுத் தீ மூட்டினார்கள். புகையில் எல்லாருக்கும் கண்ணீர். பொன்னம்மைக்கு மட்டும் அது புகையால் வந்த கண்ணீர் இல்லை. பால் மெல்ல ஏறி, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, கிழக்கே வழிந்தது. மாடம்மாள் குரவையிட்டாள். குறை சொல்லும் வாய் என்றாலும் குரவைக்கு அவளை மிஞ்ச ஆளில்லை. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஹாலிலிருந்து டங் டங் என்று கேட்டது. நீலகண்டன் யாரிடமும் கேட்காமல், வாசலுக்கு நேரே உள்ள சுவரில், ஆணி அடித்து முருகனை மாட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

அந்த நேரத்தில் ஒரு பெண் கதவருகே வந்து நின்றாள். ஐம்பதை ஒட்டிய வயது, கசவுக் கரை போட்ட கேரளச் சேலை, ஒரு கையில் சின்ன கேஸ் அடுப்பு, இன்னொரு கையில் பால் பாக்கெட் போட்ட பை. கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி வாழ்த்த வந்திருக்கிறாள் என்று பொன்னம்மை கையைப் பிடித்து உள்ளே இழுத்து, ஒரு டம்ளர் பாலைக் கொடுத்து, நீங்க எந்த வீடு என்று விசாரித்தாள். அவள் விளக்கைப் பார்த்தாள், முருகனைப் பார்த்தாள், தன் முட்டுவலியை நினைத்துக்கொண்டாள். ஒரு மாடி குறைவாக ஏறிவிட்டோம் போலிருக்கிறது என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு, இதற்கு மேலே உள்ளதாகத்தான் இருக்க வேண்டும் என்றாள். பெயர் ஓமனா என்றாள். பாலைக் குடித்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லி, படி ஏறிப் போனாள்.

மாடம்மாள் பால்கனிக்குப் போய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“நீலாண்டா, எங்கடே உன் கிரேனு?”

நீலகண்டன் பெருமையாக வந்து கையை நீட்டினார். கை நீட்டிய இடத்தில் தென்னை மண்டை இருந்தது. ஒரு காக்கை இருந்தது. கிரேன் இல்லை. பனி மறைக்கிறது என்றார். ஆவணியில் ஏதுடே பனி என்றாள் அக்கா. இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். துறைமுகத்தை ராத்திரியோடு ராத்திரியாக யாரும் தூக்கிக்கொண்டு போயிருக்க முடியாது.

“அப்பா,” என்றாள் திவ்யா மெதுவாக. “நாம பின்வாசல் வழியாட்டுல்லா வந்தோம்? பார்க்கிங்கையும் சேர்த்து எண்ணிட்டீங்க. இது நம்ம ஃபிளாட் இல்ல.”

பொன்னம்மை அடுப்படியில் வழிந்த பாலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பம் இது யாருக்க அடுப்பாங்கரை என்று கேட்டாள். இத்தனை வருஷம் கழித்து முதல் தீ மூட்டியதும் இன்னொருத்தி வீட்டில்தானா என்று அவளுக்கு அழுகை முட்டியது. மாடம்மாள் ஏதாவது சொல்வாள் என்று எல்லாரும் பயந்தார்கள். அவள் முதல்முறையாக வாயைத் திறக்காமல் பொன்னம்மையின் தோளில் கை வைத்தாள்.

அப்போதுதான் திவ்யாவுக்கு உறைத்தது. அந்த ஆன்ட்டி மேலே போனாங்களே என்றாள்.

கூட்டம் முழுக்கப் படியில் ஓடியது. முட்டி வலிக்கிறவர்கள்கூட ஓடினார்கள். மேல்மாடிக் கதவு திறந்து கிடந்தது. வெறும் ஹால். அடுப்படியில், கேஸ் அடுப்புக்கு முன்னால், ஓமனா தனியாக நின்றிருந்தாள். பாத்திரத்தில் பால் ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்துங்க என்று கத்த நீலகண்டன் வாயைத் திறந்தார். அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. பால் பொங்குவதைக் கண்டால் மாடம்மாளுக்கு நாக்கு நிற்காது. தன்னை அறியாமல் கட்டிடமே அதிர ஒரு குரவையிட்டாள். இட்டபிறகுதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பால்கனிக்கு அப்பால், தென்னைகளுக்கு மேலே, கிரேன்கள் ஒன்றுவிடாமல் நின்றன.

திவ்யா மலையாளத்தில் விஷயத்தை விளக்கினாள். ஓமனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அய்யோ சேச்சி, க்ஷமிக்கணும் என்று மன்னிப்புக் கேட்டுப் பொன்னம்மையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஏதோ மனதில் பட்டு, நிமிர்ந்து பார்த்தாள். மஸ்கட்டில் தமிழ் நர்சுகளோடு வேலை பார்த்துப் பழகிய தமிழில் பேசினாள்.

“ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்லயாக்கும் சேச்சி. தனிச்சுள்ள பெண்ணுக்கு வீடு எதுக்குன்னு அண்ணன்மார் பிணக்கம், ஒருத்தரும் வரல. ஒத்தைக்குப் பால் காய்ச்சணுமேன்னு கரைஞ்சு அழுதுகொண்டுதான் படி ஏறினேன். கீழே அது என் வீடா? இத்தனை ஆளு கூடி, விளக்கு வச்சு, குரவை போட்டு... என் வீட்டிலயா?”

பொன்னம்மை அவளையே பார்த்தாள். அடுப்பைச் சுற்றி வழிந்து, கல்லில் பரவிக் கிடந்த பாலைப் பார்த்தாள். இந்த அடுப்படியில் யாருடைய கரியும் இல்லை. வழிந்த பால் மட்டும்தான் இருந்தது. திரும்ப ஒரு தடவை காய்ச்சிவிடலாமா, நேரம் இன்னும் இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

“எதுக்கு?” என்றாள் பொன்னம்மை. “எனக்க அடுப்பாங்கரையில பால் பொங்கியாச்சு. மைனியும் குரவை போட்டாச்சு. ஓமனா, ஊத்துங்க. முத கிளாஸ் எனக்கு.”

கிளாஸ் இல்லை. எல்லாம் கீழே இருந்தது. திவ்யா சிரித்துக்கொண்டே ஓடிப்போய் எடுத்துவந்தாள். பாலில் சீனி போட ஓமனா மறந்திருந்தாள். பொன்னம்மை அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். மாடம்மாள் இரண்டு வீட்டுப் பாலையும் குடித்துவிட்டு, எந்த வருசம் வந்தாலும் இனி இங்கதான் என்று தானாகவே சொன்னாள். பொன்னம்மை அதைக் கேட்காதவள்போல் திரும்பிக்கொண்டாள். ஆனால் கேட்டாள்.

நீலகண்டனுக்குத்தான் இன்னும் ஒரு பாரம் இறங்கவில்லை. ஓமனாவைத் தனியாக அழைத்து, பழைய வாடகைக்காரர் குரலில், உங்க வீட்டுச் சுவரில் தெரியாமல் ஒரு ஆணி அடித்துவிட்டேன், பிடுங்கிப் பூசிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். ஓமனா சிரித்துவிட்டாள். ஒரு கடிகாரம் வாங்கி வைத்திருக்கிறேன், ஆணி அடிக்க ஆளில்லாமல் பெட்டியிலேயே கிடக்கிறது, ஆணி இருக்கட்டும் என்றாள். அவர் அடித்த ஆணியை ஒரு வீட்டுக்காரர் இருக்கட்டும் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டார்.

கீழே போய் முருகனை எடுத்துவந்து, ஹாலில் வாசலுக்கு நேரே இடம் பார்த்தார். ஆணியை வைத்தார். சுத்தியலை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் மாடிப்படியில் யாரோ இறங்கிவருகிற மாதிரி இருந்தது. மெல்லத் தலையைத் திருப்பினார்.

அடுப்படி வாசலில் பொன்னம்மை நின்றிருந்தாள். கையில் காலிக் கிளாஸ். பத்திரக்காரி. கரமனை வீட்டுக்காரரைப் போலவே சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சின்னதா ஒண்ணு மட்டும் அடிச்சுக்கிடுங்க” என்றாள்.

நீலகண்டன் அன்றைக்கு ஏழு ஆணி அடித்தார். மாட்டுவதற்கு மூன்று படங்கள்தான் இருந்தன.