பிடிக்காத பிரேக்

இதைச் சொன்னபோது என் மனைவியே, "வெயில்ல மண்டை காஞ்சிருக்கும்" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். நான் ஒருவனே கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் என்னோடு வேலை பார்க்கும் ஃபிட்டரும் பக்கத்தில் இருந்து கேட்டார்.

வண்டிகளின் பிரேக் கட்டைகளைச் சோதிப்பது என் வேலை. கனத்த இரும்புச் சக்கரம் ஒன்றை வேகமாகச் சுழலவிட்டு, மோட்டாரை நிறுத்தி, அதன்மேல் கட்டையை அழுத்துவோம். எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு தேய்கிறது என்று பார்ப்போம். அன்று எடுத்தது, மலை இறக்கத்தில் கவிழ்ந்த பஸ்ஸின் கட்டை. பதினோரு பேர் போய்விட்டார்கள். டிரைவர் தூங்கிவிட்டார், பிரேக்கே போடவில்லை என்று ஊரே பேசியது.

விடுமுறை நாள். மத்தியானம் மூன்று மணி. நாங்கள் இருவர்தான்.

சக்கரம் வேகம் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தினேன். அழுத்தும் பொத்தானைத் தொடக்கூட இல்லை.

டக்... டக்...

யாரோ பெடலை மிதிப்பதுபோல் கட்டை தானாகப் போய் உரசியது.

"சார், நீங்களா அமுக்குறீங்க?"

"இல்லண்ணே. நீங்க?"

"நான் இங்கதானே நிக்கிறேன்!"

கருகல் வாடை. கட்டை சிவந்தது. சக்கரத்தின் வேகம் மட்டும் குறையவே இல்லை.

மெயினை அணைத்தேன். கட்டையை அழுத்தும் காற்றுக் குழாயையும் அடைத்தேன்.

டக்... டக்... டக்டக்டக்...

கட்டை உரசும் கிறீச் சத்தத்துக்குள்... ஒரு குரல்.

"பிடிச்சுக்கோங்க... எல்லாரும் பிடிச்சுக்கோங்க..."

ஃபிட்டர் என் தோளை இறுக்கினார்.

சக்கரம் நின்றது.

மெல்ல அல்ல.

சட்டென்று.

மறுநாள் வேறு மெஷினில் சோதித்தோம். சூடேறியதும் அந்தக் கட்டை வழுக்கியது. எத்தனை தரம் மிதித்தாலும் அது பிடித்திருக்காது. டிரைவர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

அதைக் கேள்விப்பட்டு டிரைவரின் மனைவி என்னைத் தேடி வந்தார். அந்த மனிதர் விபத்தில் தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"இதக் கேக்க அவரு இல்லாமப் போயிட்டாரு சார்."

"எப்போம்மா?"

"போன லீவு நாள்லதான். நினைவில்லாம அசையாம கெடந்த மனுஷன்... மூணு மணி வாக்குல வலது கால மட்டும் உதைக்க ஆரம்பிச்சாரு. ரெண்டு நர்ஸ் சேந்து பிடிச்சும் அடங்கல. அப்புறம் 'நின்னுடுச்சு'ன்னாரு. அவ்வளவுதான்... போயிட்டாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எது சார் நின்னுச்சு?"