குடிநீர்த் தொட்டியில் பதித்த கல்

காலை ஏழு பத்துக்கு மகளிடமிருந்து செய்தி வந்தது: ‘இறங்கியாச்சும்மா. பெட்டி எடுத்துட்டு வெளிய வாறேன்.’ திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் அவள் அப்பா வாடகைக் காரோடு நின்றுகொண்டிருந்தார். நான் வீட்டில் ஆப்ப மாவைக் கலக்கிக்கொண்டிருந்தேன். எட்டரை ஆகியும் அவள் வெளியே வரவில்லை. அவள் போன் அணைந்து கிடந்தது. பதினொரு மணிக்கு என் கணவரை யாரோ ஒரு அதிகாரி அழைத்து, விசாரணைக்காக அவளைக் கொச்சிக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். இவரும் பின்னாலேயே போனார். மாவு பொங்கி அடுக்களைத் தரையில் வழிந்ததை நான் சாயங்காலம்தான் பார்த்தேன்.

துபாயில் அவள் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளியை இப்போது எல்லோருக்கும் தெரியும். பல நாட்டு வங்கிகளைச் சாய்த்துவிட்டு ஏதோ ஒரு தீவின் குடிமகனாகிவிட்டவர். அவரைத் தேடுகிறார்கள் என்று டிவியில் சொல்கிறார்கள். அதே டிவியில், அதே செய்தியில், அவர் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு படகில் சாய்ந்திருப்பதையும் காட்டுகிறார்கள். தேடுகிறவர்கள் வீட்டில் டிவி இல்லையா? அந்தப் படகுக்குப் போக ஆளில்லை. பி.காம். படித்த என் மகளைப் பெட்டி வரும் இடத்திலேயே பிடிக்க ஆளிருக்கிறது.

அவள் அங்கே கணக்குப் பிரிவில் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பு, முதலாளியின் சின்னக் கம்பெனி ஒன்றுக்கு அவளை டைரக்டராகப் போட்டார்கள். மஞ்சள் சீட்டு ஒட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்களாம். சம்பளம் மாறவில்லை. மேசைகூட மாறவில்லை. “பேருக்குத்தாம்மா” என்று சிரித்தாள். வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று வருடந்தோறும் பிள்ளைகளுக்குச் சொல்லும் டீச்சர் நான். ‘என்னத்துலட்டி கையெழுத்துப் போட்ட?’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டைரக்டர் என்ற சொல் மட்டும்தான் என் காதில் விழுந்தது.

எங்கள் சபையில் எதைக் கொடுத்தாலும் கொடுத்தவர் பெயர் அதில் இருக்கும். பெஞ்சின் முதுகில் இருக்கும், மின்விசிறியின் இறகில் இருக்கும், ஊழியத்துக்குப் போகும் வேனின் பின்கண்ணாடியில் இருக்கும். அந்த வருடம் ஸ்தோத்திரக் காணிக்கையாக ஆலய வளாகத்தில் ஒரு குடிநீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தோம். கறுப்புக் கல்லில் மகள் பெயரும், அதன்கீழ் ‘டைரக்டர், துபாய்’ என்றும் செதுக்க, கல்தச்சர்கள் இருக்கும் மயிலாடிக்குப் போனேன். போனில் அவள், “அதெல்லாம் போடாதம்மா, நான் அங்க கணக்கு எழுதுகவதான்” என்றாள். அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

அவளைக் கொச்சிக்குக் கொண்டுபோன மறுநாள் இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் அலமாரிகளைத் திறந்து பார்த்தார். சென்னைக்காரரான மற்றவர் சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் நின்றார். போதகர் திரையை விலக்கிக் கல்லைத் திறந்து வைக்கும் படம்.

“இது எங்க இருக்குங்க மேடம்?”

சொன்னேன். என்னையும் கூட்டிக்கொண்டு நேரே ஆலயத்துக்குப் போய்க் கல்லைப் பல பக்கத்திலிருந்தும் படம் பிடித்தார். “வெறும் கணக்குப் புள்ளைன்னு உங்க பொண்ணு சொல்றாங்க. நீங்க கல்லுலயே எழுதி வச்சிருக்கீங்களே.” அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குடத்தோடு நின்ற இரண்டு பெண்கள் தண்ணீர் பிடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்த முதலாளியின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. கைக்கு எட்டியது அந்தக் கல் ஒன்றுதான்.

அப்படியே பஸ் ஏறி, அந்தக் கல்லைச் செதுக்கியவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

“அண்ணாச்சி, அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துத் தரணும்.”

அவர் உளியைக் கீழே வைத்தார். “டீச்சரே, அழிக்கதுக்கு இது என்ன போர்டா? எழுத்து எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குச் சுத்தி உள்ள கல்லையும் இறக்கணும். பள்ளம் தெரியும். போட்டோ எடுத்தவன் திரும்பி வந்தா அந்தப் பள்ளத்தையும் எடுப்பான். பிள்ளைக்கு அது நல்லதா?”

நான் கிளம்பத் திரும்பினேன். அவர் விடவில்லை.

“அன்னைக்கு பேரவிட அதப் பெருசா வெட்டச் சொன்னது யாருங்கேன்? நல்ல ஆழமா வேணும், அம்பது வருசம் நிக்கணும்னு நீங்கதான சொன்னிய?”

அவர்மீதும் கோபம் வந்தது. எல்லோர் மேலும் வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் ஜன்னலைச் சாத்தச் சொன்னதற்குக்கூடக் கத்தினேன். முதலாளியின் வக்கீல், அவருக்கு முதுகுவலி, விமானத்தில் உட்கார முடியாது என்று எங்கோ எழுதிக் கொடுத்திருந்தாராம். கொச்சியில் என் மகளை மரநாற்காலியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார வைத்திருந்தார்கள். அவள் முதுகைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை.

அவளைச் சாட்சியாக எழுதுவார்களா, குற்றவாளியாக எழுதுவார்களா என்று யாரும் சொல்லவில்லை. கல்லை எழுத்தோடு பார்க்க முடியாமல், அதன்மேல் ஒரு சாக்கைத் தொங்கவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

நான்காம் நாள் மதியம் வாசலில் கார் வந்து நின்றது. முதலில் அவள் அப்பா இறங்கினார், நாலு நாள் தாடியோடு. பிறகு அவள் இறங்கினாள். துபாயிலிருந்து கிளம்பும்போது போட்ட அதே சுடிதார். நான் கட்டிப்பிடித்ததும் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“இப்பத்தைக்கு சாட்சிதாம்மா. பாஸ்போர்ட்ட தரல்ல. முதலாளி எங்கன்னு எங்கிட்டதான் கேக்காவ.”

தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“அந்தக் கல்லு போட்டோவ எம் முன்னால வச்சாவம்மா. நான் வேண்டாம்னு சொல்லியும் எங்கம்மா போட்டதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். உன்னையும் கூப்பிடுவாவ. கல்லுல கை வச்சிராத. எனக்காவ ஒண்ணும் மாத்திச் சொல்லவும் செய்யாத. பெருமைக்குப் போட்டேன்னு சொல்லு.”