இருபது விழுந்த பகடை

என் கருவிப் பையில் ஸ்க்ரூடிரைவர்களுக்கு நடுவே இருபது முகம் கொண்ட சிவப்புப் பகடை ஒன்று கிடக்கிறது. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியிடமிருந்து எடுத்துக்கொண்டது. திருப்பித் தரவில்லை, தரப்போவதுமில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

அறைத்தோழி மணலூர்பேட்டைக்காரி. கள்ளக்குறிச்சியில் சேர்ந்து எலக்ட்ரானிக்ஸ் படித்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் நாலு பேரைக் கட்டிலைச் சுற்றி உட்காரவைத்துக் கதை விளையாட்டு நடத்துவாள். அவள் ஓர் உலகத்தைச் சொல்லுவாள். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். இருபது விழுந்தால் எதுவானாலும் பலிக்கும். அது அவளே போட்ட சட்டம். மந்திரமும் இயந்திரமும் கலந்த உலகம் அது. சமவெளியில் பறக்கும் வண்டிகள், யோசிக்கும் இரும்பு மனிதர்கள், மலையில் மந்திரவாதிகள். அழகாகத்தான் கட்டியிருந்தாள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் வெள்ளிமலைக்காரி என்பதால் என்னைக் கேட்காமலே எனக்கு மந்திரக்காரி வேடம். “எனக்கும் மிஷினு வேணும்டி” என்றேன். “மலைக்காரிக்கு இன்னாத்துக்குடி மிஷினு? மந்திரந்தான் உங்களுக்கு கெத்து” என்று சிரித்தாள். என் அப்பா ஜீப் ஓட்டியவர். மலைப்பாதை வளைவில் வண்டி நின்றுபோனால் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, எண்ணெய்க் கையோடு பள்ளிக்கூடம் போனவள் நான். எனக்குத் தெரிந்த ஒரே மந்திரம் அப்பா இன்ஜினைத் திட்டுவதுதான்.

ஒரு ஞாயிறு கதையில், சமவெளி நகரத்துக்கே மின்சாரம் கொடுக்கும் பெரிய இயந்திரம் நின்றுபோனது. மற்ற மூவரும் உருட்டித் தோற்றார்கள். “நீ மந்திரம் சொல்லுடி” என்றாள் அறைத்தோழி. “சொல்ல மாட்டேன். மூடியக் கழட்டறேன். அறுந்த ஒயரக் கண்டுபுடிச்சி சேக்கறேன்” என்று சொல்லிவிட்டு உருட்டினேன். இருபது! நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். அவள் குனிந்து பகடையைச் சரிபார்த்தாள். பிறகு கதை சொல்லும் குரலில் ஆரம்பித்தாள்: “அவ ஒயரத் தொட்டா. அவளுக்கே தெரியாம மலைச்சாமி அவ கையில வந்துடுச்சி. நின்ன மிஷினு ஓட ஆரம்பிச்சிடுச்சி.” எல்லோரும் கைதட்டினார்கள். மந்திரத்தையும் இயந்திரத்தையும் என்னமாய்க் கலந்துவிட்டாள் என்று பாராட்டு வேறு. அடிப்பாவி! மூடியைக் கழற்றியது நான், ஒயரைச் சேர்த்தது நான், பேர் சாமிக்கா? “என் கைக்கு ஒரு வேலயும் தெரியாதாடி?” என்று கேட்டேன். “கதைக்குப் போயி இன்னாடி இவ்ளோ கோவம்?” என்றாள். பகடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

போன வாரம் போன் செய்தாள். இப்போது சென்னையில் விளையாட்டு தயாரிக்கும் கம்பெனியில் பெரிய வேலை. அந்த உலகம் செல்போன் விளையாட்டாக வந்துவிட்டதாம். “உன்ன வெச்சித்தான்டி அந்த மலைக்காரியச் செஞ்சேன், பாத்தியா?” எவ்வளவு சந்தோஷம் அவள் குரலில்! பார்த்திருந்தேன். கழுத்தில் எலும்பு மாலை, கண்ணில் பச்சை வெளிச்சம். தொட்டால் இயந்திரம் ஓடுகிறது. “கையில ஒரு ஸ்க்ரூடிரைவராச்சும் குடுத்திருக்கலாமேடி” என்றேன். “அப்பறம் அதுல இன்னாடி மாயம் இருக்கு?” என்றாள். போனை வைத்துவிட்டேன்.

மலையில் செல்போன் கோபுரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. நேற்றைய மழையில் வெள்ளிமலைக் கோபுரம் செத்துக் கிடந்தது. இன்று காலை பெட்டியைத் திறந்து, கருகிய ஒயரை வெட்டி, புதிதாகச் சேர்த்தேன். தகரம் கிழித்து விரலில் ரத்தம். சிக்னல் வந்ததும் பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருத்தர் போனில் அந்த விளையாட்டைத்தான் திறந்தார். பச்சைக் கண்ணோடு மலைக்காரி வந்து நின்றாள். நான் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பகடைக்குப் பக்கத்தில் வைத்தேன். சாமி எதுவும் வரவில்லை. நான்தான் வந்தேன், பைக்கில், தூறலில் நனைந்துகொண்டு.